‘ஈர விறகை’க் காட்டிக்கொடுத்தவன்

ஸ்தவாங்கர்
18.01.2004

யோகராசாவுக்கு,

இது ஞானரட்ணம். போன கிழமை இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தேன். முதல் தரம் உன் மனிசி சிறிதேவி எடுத்து, “கொஞ்சம் நில்லுங்கோ, கூப்பிடுறன்” என்றா. பிறகு வைக்கிற சத்தம் கேட்டது. இரண்டாம் தரம் நீயே எடுத்தாய் என்று நினைக்கிறேன். நான் ஹலோ சொல்ல முதலே வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம்.

ரஷ்யாவில் நாங்கள் படித்த சரேச்சென்ஸ்க் நகரத்தில் இருந்து கத்யா என்றொரு பிள்ளை எனக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறாள். எங்கள் பாஸ் கித்தார்காரன் வீத்யாவின் மகள். வீத்யா போன வருசம் காலமாகிவிட்டானாம். கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி, அதற்குள் ‘ஈர விறகு’ குழுவின் பாட்டு ரேப் ரீல் ஒன்று. பிள்ளை நகர நூலகத்தில் வேலை செய்கிறாள். தகப்பன் ஒரு ரொக் குழுவில் இருந்ததே அவளுக்குத் தெரியாதாம். இப்போது அந்தக் குழுவின் வரலாற்றைப் புத்தகமாக எழுதுகிறாள்.

வரைவை அனுப்பியிருந்தாள். நம்மைப் பற்றியும் ஒரு பக்கம் இருக்கிறது. மொழிபெயர்த்துத் தருகிறேன்: “312ஆம் அறையில் இரண்டு இலங்கை மாணவர்கள் இருந்தார்கள். ஒருவர் யோகராசா. வெளிநாட்டு மாணவர் என்பதால் கோடை விடுமுறையில் மேற்கு பெர்லின் போய்வர அவருக்கு அனுமதி கிடைத்தது. கித்தார்க் கம்பிகளும் வெற்று ரேப்புகளும் அவர் கொண்டுவந்தவையே. மற்றவர் ஞானரட்ணம். பழைய வானொலிகளைப் பிரித்து ஒலிபெருக்கி செய்து கொடுத்தார். கலாசாரத் திணைக்களத்தின் அனுமதி முத்திரை பெறாத ஏழு பாடல்களை, அந்த அறைச் சுவர்களில் போர்வை கட்டி, ஒரு ஞாயிறு பின்னேரம் பதிவுசெய்தார்கள். 1984 ஏப்ரிலில் குழுவைக் காட்டிக்கொடுத்தவர் ஞானரட்ணம்.”

கடைசி வரிக்கு ஒரு அடிக்குறிப்பு: ‘தகவல் - யோகராசா, ஒஸ்லோ.’

மே முடிவில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. முந்நூறு பிரதிதான். நோர்வேயில் ஒரு குருவியும் வாசிக்காது என்று நீ சொல்வாய். ஆனால் என் இருபது வயதில் என்னை ஒரு மனிசனாக மதித்தவர்கள் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்கள் வாசிப்பார்கள்.

நான் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்கும் சொன்னேன். ஒன்றில் அந்த வரியை எடுக்கச் சொல்லி அவளுக்கு எழுது. இல்லையென்றால், எதை வைத்துச் சொல்கிறாய் என்று எனக்கு எழுது. இருபது வருசத்தில் அதை நீ ஒரு நாளும் எனக்குச் சொன்னதில்லை.

ஞானரட்ணம்


ரொம்சோஸ், ஒஸ்லோ
02.02.2004

திரு. ஞானரட்ணம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை, முழுதாகத்தான் குப்பைவாளியில் போட்டேன். சிறிதேவி எடுத்துத் தட்டி மேசையில் வைத்துவிட்டு, “வாசிச்சுப்போட்டுப் போடுங்கோ, கடிதம் என்ன பாவம் செய்தது?” என்றா. வாசித்தேன். எதை வைத்துச் சொல்கிறேன் என்று கேட்டீர்கள். வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரில் பத்தொன்பதாம் திகதி பீடாதிபதி அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். மேசையில் எங்கள் ரீல் ஒன்று பெட்டியோடு குப்புறக் கிடந்தது. “இது உன் அறையில் பிரதியெடுத்தது” என்றார்கள். கேட்கவில்லை ஐயா, சொன்னார்கள். எப்படித் தெரியும் என்றேன். “தெரியும்” என்றார்கள். எச்சரிக்கை எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள்.

எப்படித் தெரிந்தது? பதினான்கு பிரதியும் நான் எடுத்தது. கையெழுத்துப் பிடிபடக்கூடாது என்று பாட்டுப் பட்டியலை இடக்கையால், அச்செழுத்தில் எழுதினேன். பெயர் இல்லை, திகதி இல்லை, ஊர் இல்லை. அறையில் எடுத்தது என்று தெரிந்தவர்கள் ஐந்து பேர். அல்யோஷா, வீத்யா, மேளம் அடிக்கிற கேனா, நான், நீங்கள். அந்த மூன்று பேரையும் படிப்பை விட்டுத் துரத்தினார்கள். என்னை எச்சரித்தார்கள். தங்களை ஒரு கேள்வி கேட்டார்களா?

அதற்கு இரண்டு நாள் முந்தி நீங்கள் அதே அலுவலகத்தில் இருந்து வெளியே வந்ததை நான் கண்டேன். எங்கே போனாய் என்று கேட்டேன். “லைப்ரரிக்கு” என்றீர்கள். ஜூனில் லெனின்கிராட்டுக்கு மாற்றம், தனி அறை. எனக்கு என்ன மூளை கழண்டதா? நீ சொல்லித்தான் அது நடந்தது ஞானரட்ணம். நீதான்!

அல்யோஷாவைப் பற்றி ஒரு சொல் எழுதினாயா கடிதத்தில்? பாட்டு எழுதினவன், பாடினவன், எல்லாம் அவன். துரத்தி ஒரு கிழமையில் ஆமிச் சீருடை போட்டு ஏற்றினார்கள். ஆப்கானிஸ்தானில் இருந்து துத்தநாகச் சவப்பெட்டியில் வருகிறவனைப் பற்றிப் பாட்டுக் கட்டினவனை அந்தப் பெட்டி வருகிற இடத்துக்கே அனுப்பினார்கள். அடுத்த வருசம் தாய் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டா. மகன் செத்தாலொழிய ஒரு தாய் அப்படி எதற்குப் போவாள்?

எங்கள் கூட்டாளி தர்மலிங்கத்தின் ஐம்பதாவது பிறந்தநாளில் உன்னைக் கண்டதும் எழும்பிப் போனேன். ஆட்டிறைச்சிக் கறி. எனக்கு அதில் எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். அப்படியும் எழும்பினேன்.

வரி அப்படியே இருக்கும்.

யோகராசா


ஸ்தவாங்கர்
15.02.2004

யோகராசா,

இதோடு மூன்றாவது தாள். முதல் இரண்டிலும் வக்கீல்மாதிரி எழுதிவிட்டேன்.

நீ கண்டது சரி. அலுவலகத்தில் இருந்துதான் வந்தேன். லைப்ரரி என்று பொய் சொன்னேன்.

மாற்றம் கேட்டு விண்ணப்பித்திருந்தேன். பெப்ரவரியிலேயே கொடுத்தது. அன்றைக்கு அதன் முடிவைக் கேட்கப் போனேன். உனக்குச் சொல்லாமல் கொடுத்தேன். காரணம் வெட்கக்கேடானது. எனக்குப் பயம்.

83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வீட்டில் இருந்து வந்த கடிதங்களை நீயும் வாசித்தாய். அந்த நேரம் எங்களைத் துரத்தினால் ஏற்றி நேரே கட்டுநாயக்கா விமானநிலையத்தில் இறக்குவார்கள். நாங்கள் இரண்டு இளந்தாரித் தமிழ்ப் பெடியள். நீயோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அறைக்குள் ரஷ்யப் பெடியளைக் கூட்டிவந்து, போர்வை கட்டி, ஆப்கானிஸ்தானைப் பற்றிப் பாடவைத்துக்கொண்டிருந்தாய். நான் ஒலிபெருக்கியைப் பற்றவைத்துக்கொண்டே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று உனக்குச் சொல்லத் துணிவில்லை. அல்யோஷாவின் பாட்டு எனக்கும் பிடிக்கும், அதுவும் ஒரு பக்கம். ஆகவே சத்தம் போடாமல் கழலப் பார்த்தேன்.

உன்னை விட்டுவிட்டு ஓடப் பார்த்தது துரோகம் என்றால், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மேசைக்கு முன்னால் நான் குழுவைப் பற்றி வாயே திறக்கவில்லை. நீ முகத்துக்கு நேரே கத்தினபோது ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்வதென்றால் முதலில் பயந்தவன் என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயதில், காட்டிக்கொடுத்தவன் என்று நீ நினைப்பதைவிட, பயந்தவன் என்று நீ நினைப்பது எனக்குப் பெரிய வெட்கமாகத் தெரிந்தது. விசர்தான்.

அல்யோஷாவைப் பற்றி எழுதாதது, அவன் பெயரை எழுதினால் மிச்சம் எழுத முடியாது என்பதால்.

ஞானரட்ணம்


ரொம்சோஸ்
01.03.2004

ஞானரட்ணம்,

பயந்தேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் கன்னத்தில் ஒன்று போட்டிருப்பேன். அதோடு முடிந்திருக்கும். பிறகு இரண்டு பேருமாக உருளைக்கிழங்கு பொரித்துச் சாப்பிட்டிருப்போம்.

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நம்பவில்லை என்று எழுத உட்கார்ந்தால் பேனை ஓடுகிறதில்லை. நம்புகிறேன் என்று எழுதவும் ஓடுகிறதில்லை. நீ இல்லையென்றால் யார்? சுவரா சொன்னது?

இந்தக் கிழமை ரி-பானே சுரங்க ரயில் ஓட்டும்போது தொய்யன் நிலையத்தில் கதவு திறக்க மறந்து அப்படியே நின்றேன். சனம் கண்ணாடியில் தட்டினது. பதினொரு வருசம் ஓட்டுகிறேன், ஒரு நாளும் அப்படி நடந்ததில்லை. வீட்டுக்கு வந்து மகள் வினோஜாவிடம் எரிந்து விழுந்தேன். “ஸ்லாப் அவ், அப்பா, கொஞ்சம் அமைதியாய் இருங்கோ. இருவது வருசத்துக்கு முந்தின சண்டைக்கு என்னை ஏன் பேசுறீங்கள்?” என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். பதினைந்து வயது. அவளுக்கு இருக்கிற மூளை எனக்கு இல்லை என்பது அவளுடைய கருத்து.

வரியை எடுக்கச் சொல்ல மாட்டேன். ‘ஞானரட்ணம் இதை மறுக்கிறார்’ என்று சேர்க்கச் சொல்லி எழுதுகிறேன். இதுக்கு மேலே என்னால் ஏலாது.

யோகராசா


ஸ்தவாங்கர்
28.03.2004

யோகராசா,

கத்யாவுக்கு மாகாண ஆவணக் காப்பகத்தில் கொம்சொமோல் இளைஞர் சங்கக் குழுவின் பழைய கோப்பு கிடைத்திருக்கிறது. எங்கள் விசயம்தான். நாற்பது பக்கம், ஆனால் இரண்டு பக்கம் மட்டும் பிரதி எடுக்க விட்டார்களாம். எனக்கு அனுப்பினாள். இத்துடன் வைத்திருக்கிறேன்.

முதல் தாள், அவர்கள் கைப்பற்றின ரேப் பெட்டியின் படம். மேல் பக்கத்தைப் பார். பாட்டுப் பட்டியலுக்கு மேலே, நடுவில்.

இரண்டாம் தாள், குழுவின் குறிப்பு. உன் ரஷ்யமொழி துருப்பிடித்திருக்கும் என்பதால் அந்த ஒரு வரியைத் தமிழில் தருகிறேன்: “பெட்டியின் தலைப்பில் காணப்படும் இக்குறி, மாணவர் யோகராசாவின் ஆய்வுகூடக் கொப்பிகளில் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் காணப்படுவதாகக் குழு உறுப்பினரான விரிவுரையாளர் சுட்டிக்காட்டினார்.”

அது என்ன குறி என்று கத்யா கேட்கிறாள். இரண்டாம் இலக்கம் என்று நினைத்தாளாம், வால் ஏன் இவ்வளவு நீளம் என்று விளங்கவில்லையாம்.

நான் அவளுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. நீ எழுது.

ஞானரட்ணம்


ரொம்சோஸ்
04.04.2004

டேய் ஞானம்,

பிள்ளையார் சுழி.

ஐயோ, பிள்ளையார் சுழியடா!

தாளை விரித்தபடியே குசினிக்குள் நின்றேன். சிறிதேவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இது உங்கடை கையெல்லே?” என்றா. இடக்கையால் எழுதினேனாம்! அச்செழுத்தாம்! பேனையைக்கூட மாற்றினேன், கேனாவின் பச்சைப் பேனை. இவ்வளவு கெட்டித்தனமும் செய்துவிட்டு, தலைப்பில் வடிவாக ஒரு பிள்ளையார் சுழி போட்டு, கீழே இரண்டு கோடும் இழுத்திருக்கிறேன். அதுமட்டும் வலக்கையால். பதினான்கு பெட்டியிலும் போட்டிருப்பேன், வேறென்ன.

இதில் நான் யார்? கடவுள் இல்லை என்று விடுதிச் சமையலறையில் கதிரைக்கு மேலே ஏறிப் பேசினவன். உன் வீபூதிப் பொட்டலத்தைப் பார்த்துச் சிரித்தவன். அந்த நாத்திகன் ஒரு தாளில் எதையும் எழுத முதல் பிள்ளையாரைக் கூப்பிட்டுத்தான் தொடங்கியிருக்கிறான், தனக்கே தெரியாமல். நம்பமாட்டாய், உன் தாளைப் பார்த்த பிறகு எங்கள் குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்த கடைச் சாமான் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பால், முட்டை, வெங்காயம். மேலே சுழி.

வாய்விட்டுச் சிரித்தேன். வினோஜா அறையில் இருந்து ஓடிவந்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. அவள் பயந்துபோனாள்.

இருபது வருசம் ஞானம். உன்னைக் கண்டால் எழும்பிப் போனேன். உன்னோடு கதைக்கிற ஆட்களோடும் கதைக்காமல் விட்டேன். எத்தனை பேருக்கு உன்னைப் பற்றிச் சொல்லியிருப்பேன்! வட நோர்வேயில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டின காலத்தில், பக்கத்தில் நின்ற ஆட்களுக்கெல்லாம் உன் கதையைத்தான் சொன்னேன். மீன்கூடக் கேட்டிருக்கும்.

கத்யாவுக்கு உடனே எழுதினேன். குறி என்ன, யார் போட்டது, எல்லாம். உன் பெயரை எடுக்கச் சொன்னேன். காட்டிக்கொடுத்தவர் யோகராசா என்று போடச் சொன்னேன்.

உன் பெயர் வெளுத்தது, அதில் எனக்கு ஆறுதல். ஆனால் மற்றதை என்ன செய்வது? இவ்வளவு காலமும் அல்யோஷாவின் சாவை உன் தலையில் வைத்திருந்தேன். வைக்க ஓர் இடம் இருந்தது. இப்போது அது என்னுடைய தலையில் இருக்கிறது. வேலைக்கு இரண்டு நாள் போகவில்லை. நான் அந்தக் கோதாரிச் சுழியைப் போடாமல் விட்டிருந்தால் அவன் இன்றைக்கு நாற்பத்திரண்டு வயது மனிசன்.

மன்னிப்புக் கேட்கிற வாய் எனக்கு இல்லை. நீ எழுதாமல் விட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

யோகன்


ஸ்தவாங்கர்
02.05.2004

மச்சான் யோகன்,

உடனே பதில் போடாததுக்குக் காரணம் இரண்டு. முதல் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிரதியை உறைக்குள் வைத்தபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. நல்ல சந்தோசம் இல்லை. இப்போது அனுபவி என்கிற சந்தோசம். குறியைப் பற்றி நானே இரண்டு வரி ஆறுதலாக எழுதியிருக்கலாம். வேண்டுமென்றே எழுதவில்லை. உன் கடிதம் வந்ததும் அந்தச் சந்தோசம் அரை நாளில் கரைந்துபோய், எனக்கே என்னைப் பிடிக்காமல் போனது. ஆகவே நீ மட்டும் கேட்க வேண்டிய மன்னிப்பு இல்லை.

இரண்டாவது காரணம், அல்யோஷாவைப் பற்றி நிச்சயமாகத் தெரியாமல் எழுத விரும்பவில்லை. இப்போது நிச்சயம். கதிரையில் இருந்து வாசி.

அவன் சாகவில்லை.

கத்யா மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாள். ரஷ்யாவின் வடக்குக் கரையில், முர்மான்ஸ்கில் இருக்கிறான். ஆப்கானிஸ்தானுக்குப் போகவே இல்லை. கட்டடம் கட்டுகிற படைப்பிரிவில் போட்டு, வடக்கே அனுப்பி, இரண்டு வருசம் சீமெந்து குழைக்க விட்டிருக்கிறார்கள். தாயார் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனது அவன் இருந்த இடத்துக்குத்தான், மகனுக்குக் கிட்ட இருக்க. அங்கேயே கலியாணம் கட்டி, அங்கேயே இருந்துவிட்டான். நகரத்து வெப்பமூட்டும் நிலையத்தில் மெக்கானிக்காம். நீ பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டிக்கொண்டு அவனுக்காக அழுத காலத்தில், அவன் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கடற்கரையில்தான் இருந்திருக்கிறான்.

இதை எனக்கு யாரோ சொல்லிக் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கத்யா படமும் அனுப்பியிருக்கிறாள். முன்தலை வழுக்கை. பல் அதே பல், நடுவில் இடைவெளி. அவனேதான்.

நீ சுழியைப் பற்றி எழுதினதைக் கத்யா அவனுக்குச் சொல்லிவிட்டாளாம். உன் ரெலிபோன் இலக்கம் வேண்டும் என்று அவள் மூலம் கேட்டான். கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தது பிழையென்றால் பேசு. இனி நீ பேசினால் எனக்குப் பழக்கம்தானே.

ஞானம்


ரொம்சோஸ்
18.05.2004

டேய் ஞானம்,

நேற்று மே பதினேழு, நோர்வேயின் தேசிய தினம். ஊரே கொடி பிடித்துக்கொண்டு வெளியில். சிறிதேவியும் பிள்ளையும் ஊர்வலம் பார்க்கக் கீழே இறங்கிவிட்டார்கள். நான் சேர்ட் ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தேன். ரெலிபோன் அடித்தது. பதினோரு மணி இருக்கும்.

“யோகா? நீ இன்னும் உயிரோடைதான் இருக்கிறியா?”

அவன் கேட்டது ரஷ்யமொழியில். ஆனால் எனக்குள் அது எங்கள் பேச்சாகத்தான் கேட்டது. அப்படியே எழுதுகிறேன். அவன்தான் கதைத்தான். தொலைக்காட்சியில் இலங்கைச் சண்டையைக் காட்டும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் எப்போதோ செத்திருப்போம் என்று நினைத்தானாம். தேவாலயத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் மெழுகுதிரி கொளுத்தினவனாம், செத்தவர்களுக்குக் கொளுத்துகிற பக்கத்தில். இப்போது அதைத் திருப்பி எடுக்க முடியுமா என்று கேட்டான். சேர்ட் கருகின மணம் வந்தது. ஸ்திரிக்கைப் பெட்டியை நிமிர்த்திவிட்டுக் கீழே நிலத்தில் இருந்தேன்.

நான் சுழியைப் பற்றித் தொடங்கினேன். என்னால்தான், என்னால்தான் என்று ஏதேதோ உளறினேன். அவன் இடையில் மறித்தான்.

“எனக்குத் தெரியும். அண்டைக்கே தெரியும். பெட்டியை முன்னாலை வைச்சு, இது இலங்கைப் பெடியன்ரை குறியோ எண்டு கேட்டாங்கள். இல்லை, நான் போட்டது எண்டன். அவனைப் பாத்துப் பழகினது, எதையாவது தொடங்கேக்கை போடுறது, எனக்குப் பிடிச்சது, அதாலை போட்டனான் எண்டு சொன்னன். அப்ப கீறிக் காட்டு எண்டு பேப்பரும் பேனையும் தந்தாங்கள்.”

“கீறினியோ?”

“ஒரு பக்கம் முழுக்கக் கீறினன். நீ ஒவ்வொரு நாளும் கொப்பியிலை போடுறதை எத்தினை தரம் பாத்திருப்பன்! அந்த விரிவுரையாளர் கண்ணாடியைப் போட்டுப் பாத்துப்போட்டு, ஓம், இவன்ரை கைதான் எண்டு எழுதினார்.”

ஞானம், அதனால்தான் என்னை எச்சரிக்கையோடு விட்டார்கள். நான் என்னவோ என் வாய்ச்சாமர்த்தியத்தால் தப்பினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏனடா அப்பிடிச் செய்தனி?” என்று கேட்டேன்.

“பாட்டு என்ரை. பாடினதும் நான். எப்பிடியும் என்னைத் துரத்துவாங்கள். என்னைப் பிடிச்சு ஆமியிலை விட்டா ரெண்டு வரியத்திலை வீட்டை வருவன். உன்னைப் பிடிச்சு ஊருக்கு அனுப்பினா நீ எங்கை வாறது?” என்றான். ஏதோ பஸ் மாறி ஏறின கதையைச் சொல்வதுபோலச் சொன்னான். 84இல் என்னைக் கட்டுநாயக்காவில் இறக்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். சிறிதேவி இல்லை, வினோஜா இல்லை. அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாண்டு வாத்தியம் எங்கள் கட்டடத்துக்குக் கீழே வந்தது.

“அது என்ன சத்தம்?”

“பள்ளிக்கூடப் பிள்ளையள். பாண்டு.”

“சுருதி ஒண்டும் சேரேல்லை. அனுமதி முத்திரை எடுத்தவங்களோ?”

ஞானம், நான் சிரித்த சிரிப்பு கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்கும். அவனும் சிரித்தான். அதே குதிரைச் சிரிப்பு. இரண்டு பேரும் எவ்வளவு நேரம் அப்படிச் சிரித்தோம் என்று தெரியாது.

வைக்க முதல் உன்னைக் கேட்டான். உண்மையைச் சொன்னேன். இருபது வருசம் உன்னோடு கதைக்கவில்லை, நீதான் காட்டிக்கொடுத்தாய் என்று நினைத்தேன் என்றேன். அவனுடைய சிரிப்பு நின்றுவிட்டது. “ஞானமோ? ஒலிபெருக்கி எரிஞ்சுபோகும் எண்டு அவன் எங்களைக் கத்தக்கூட விடமாட்டானே. உனக்கு விசரே?” என்றான்.

ஓம், விசர்தான்.

கத்யாவின் திருத்தின பக்கம் வந்திருக்கிறது. உன் பெயருக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி மட்டும்தான் இருக்கிறது. காட்டிக்கொடுத்தவர் என்று ஒருவரும் இல்லை. என்னைப் போடச் சொன்ன இடத்தையும் அல்யோஷா வெட்டச் சொல்லிவிட்டானாம். ஆனால் முந்நூறு ரஷ்யர்கள் வாசிக்கிற பக்கத்தில் திருத்தினால் போதாது. நான் உன்னைப் பற்றிச் சொன்னது தமிழில். ஆகவே தமிழில் எழுதி, கையெழுத்து வைத்துத் தருகிறேன். யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. தர்மலிங்கத்துக்கு நானே வாசித்துக் காட்டிவிட்டேன்.

ஞானரட்ணம் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நான் சொன்னது பொய். அவனைக் கேட்காமலே தீர்ப்புச் சொன்னேன். அதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

29ஆம் திகதி சனிக்கிழமை காலை ரயில் எடுத்து ஸ்தவாங்கருக்கு வருகிறேன். பின்னேரம்தான் வந்து சேருமாம். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடு.

யோகன்


ஸ்தவாங்கர்
21.05.2004

மச்சான்,

வா. ரிக்கெற் எடுத்துவிடு.

உன் கடிதத்தை என் மனிசி புஷ்பராணிக்கு வாசித்துக் காட்டினேன். அவ உடுப்பு மடித்துக்கொண்டு கேட்டா. அல்யோஷா சுழி கீறின இடத்தில் சிரித்தா. நீ தமிழில் எழுதித் தந்த அந்த நாலு வரிக்கு வந்ததும், இன்னொருக்கா வாசியுங்கோ என்றா. வாசித்தேன். பிறகு மடித்த உடுப்பை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு சொன்னா:

“நான் உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். கோவிக்கக்கூடாது. எனக்கும் உள்ளுக்குள்ளை கொஞ்சம் சந்தேகம் இருந்ததப்பா.”

பதினாறு வருசம் யோகன், ஒரே வீட்டில். ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேனோ என்று பயமாம். அவவின் தமையன் உன்னோடு மீன் வெட்டினவன். கலியாணத்துக்கு முந்தியே அவவுக்குக் கதை வந்துவிட்டது. அதைக் கேட்டும் என்னைக் கட்டியிருக்கிறா.

கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. “சந்தேகத்தோடை எப்பிடி இவ்வளவு காலமும் என்னோடை இருந்தனீர்?” என்று கேட்டேன். “நீங்கள் அப்பிடிச் செய்திருந்தாலும், இப்ப செய்யிற ஆள் இல்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்” என்றா. குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். வெளியே வந்தபோது என் தோளில் இருந்து எதையோ இறக்கினது போலத்தான் இருந்தது. அவவின் முகத்தைப் பார்த்தால், அவவுக்கு என்னைவிடப் பாரம் இருந்திருக்கிறது.

மன்னித்தேன் என்று எழுதுவது பெரிய மனிசத்தனமாக இருக்கும் என்று நினைத்தேன். அவ விடுகிறா இல்லை, எழுதுங்கோ என்கிறா. மன்னித்துவிட்டேன், யோகன். நீயும் என்னை மன்னி.

சனிக்கிழமை ஸ்டேசனுக்கு இரண்டு பேருமாக வருகிறோம். உனக்குச் சாப்பாடு என்ன என்று கேட்கத் தேவையில்லை, ஆடு சொல்லியாகிவிட்டது. புஷ்பராணி ஏன் குளிருக்குள்ளே ஸ்டேசனுக்கு வரவேண்டும், வீட்டில் நில்லுமன் என்றேன். மாட்டாவாம். இத்தனை வருசம் காதில் விழுந்ததெல்லாம் போக, நீ ரயிலால் இறங்கி என்னை ‘டேய் ஞானம்’ என்று கூப்பிடுவதைத் தன் காதால் ஒருக்கா கேட்க வேண்டுமாம்.

ஞானம்